‘உப்பு, தேவையான அளவு’: ஒரு விசாரணை

சமையல் குறிப்பு எதைப் புரட்டினாலும், துவரம் பருப்புக்கும் புளிக்கும் மிளகாய்க்கும் தனித்தனியே அளவு விதித்துக்கொண்டு வருகிற ஆசிரியர், பட்டியலின் கடைசி வரிக்கு வந்ததும் ‘உப்பு, தேவையான அளவு’ என்று எழுதிவிட்டு, அதற்குமேல் தமக்குச் சம்பந்தமில்லாதவரைப்போல் அடுத்த பதார்த்தத்திற்குப் போய்விடுகிறார். எத்தனையோ அற்ப விஷயங்களுக்கெல்லாம் பாஷ்யம் கண்ட நம் பண்டிதர்கள், தினம் இரண்டு வேளை தங்கள் நாக்கின்மீதே நிர்ணயமாகிற இந்தப் பிரமேயத்தை மட்டும் தொடாமல் விட்டது ஆச்சரியமே. திருவள்ளுவர்கூடப் புலவிக்கு உப்பை உவமை சொல்லி, சற்றே மிகுந்தால் வரும் கேட்டையும் எச்சரித்தாரேயொழிய, எவ்வளவு என்று வாய் திறக்கவில்லை. அந்தக் குறையை நிவர்த்தி செய்யவே இந்த முயற்சி.

முதலில் பூர்வபட்சம். அளவு சொல்லாதது ஆசிரியரின் சோம்பலே என்பர் ஒரு சாரார். இவர்களுக்கு ஆதி குரு, 1896இல் பாஸ்டன் நகரத்துச் சமையற் பள்ளியின் பெயரால் நூல் வெளியிட்ட ஃபேனி ஃபார்மர் அம்மையார். கரண்டியில் குவிந்து நிற்பதைக் கத்தியால் வழித்துச் சமமாக்கிய பிறகே அது ஒரு கரண்டி என்று ஒப்புக்கொண்டவர். அவரிடம் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அவர் நம் வீட்டு உப்பு மரவையைப் பார்த்தவரல்லர். ஒரு தேக்கரண்டித் தூள் உப்பு ஏறக்குறைய 6 கிராம் நிற்கும். அதே கரண்டியில் கல்லுப்பை அள்ளினால், கல்லுக்கும் கல்லுக்கும் இடையே காற்று குடியிருப்பதால், எடை குறையும். ஐப்பசி மழையில் அந்தக் கல்லுப்பே நீர் கோத்துக்கொண்டு, எதை அள்ளினோம், உப்பையா தண்ணீரையா என்ற சந்தேகத்தைக் கிளப்பும். இந்த நிலையில் எண்ணைச் சொல்கிறவர் ஒரு வீட்டுக்கு மெய்யும் எதிர்வீட்டுக்குப் பொய்யும் சொன்னவராகிறார் என்பதே நம் சித்தாந்தம்.

அப்படியானால் தேவையை அறிவது எங்ஙனம்? நியாய சாஸ்திரம் பிரத்யட்சம், அனுமானம், உபமானம், சப்தம் என்று நான்கு பிரமாணங்களை ஒப்புகிறது. நாக்கில் விட்டுப் பார்ப்பது பிரத்யட்சம். அதைப் பற்றி விவாதமில்லை. விவாதம் நைவேத்தியத்தில் வருகிறது. சுவாமிக்குப் படைக்குமுன் ருசி பார்ப்பது எச்சிலாகுமாதலால், என் மன்னி அந்த நாட்களில் ரசம் நுரைத்துப் பொங்கி வரும் தருணத்தில் ஈயச் சொம்பின்மேல் சற்றே குனிந்து, ஆவியை உள்ளங்கையால் தன் பக்கம் ஒதுக்கி மோந்து பார்த்து, “ஒரு கல் குறையறது” என்று யாருக்கென்றில்லாமல் அறிவித்துவிட்டு, மூன்று விரலால் எடுத்துப் போடுகிறாள். உப்புக்கு வாசனையே கிடையாதென்று ரசாயன சாஸ்திரம் சொல்லும். எனினும் மன்னியின் ரசம் பிசகி நான் கண்டதில்லை. புளியின் பச்சை வாசனை போன விதத்திலிருந்து நீர் எவ்வளவு சுண்டிற்று என்பதையும், அதிலிருந்து உப்பின் நிலையையும் அவள் ஊகிக்கிறாள் போலும். மலையில் புகையைக் கண்டு நெருப்பை அனுமானித்த தார்க்கிகர்கள் இதைவிடச் சுலபமான காரியத்தைத்தான் செய்தார்கள்.

மன்னியின் பிள்ளை இணையப் பக்கங்களுக்கு நிரல் எழுதி ஜீவிப்பவன். “அம்மா, தேவையான அளவுன்னா எவ்வளவு? கிராம்ல சொல்லேன்” என்று அவன் கேட்பதும், “தேவையான அளவுதாண்டா” என்று அவள் பதில் சொல்வதும் அந்த வீட்டில் நித்தியப்படி. ஒரு நாள் அவன் கணினித் திரையை எட்டிப் பார்த்தேன். ‘மார்ஜின்: ஆட்டோ’ என்றிருந்தது.

“இது எத்தனை பிக்ஸல்டா?”

“அதை பிரவுசர் பாத்துக்கும், சித்தப்பா.”

ஹோகோன் வியம் லீ என்ற நார்வேக்காரர் 1994 அக்டோபரில் முன்வைத்து, 1996 டிசம்பரில் சட்டமான சி.எஸ்.எஸ். என்னும் அலங்கார விதிகளில், இந்த ‘ஆட்டோ’ என்பது அகில உலகமும் அங்கீகரித்த தேவையான அளவே. அகலம் விதிக்கப்பட்ட ஒரு பெட்டிக்கு இடத்திலும் வலத்திலும் அதை எழுதினால், மிஞ்சிய இடத்தைப் பிரவுசர் சரிபாதியாகப் பங்கிட்டுப் பெட்டியை நடுவில் நிறுத்தும். மேலும் கீழும் எழுதினாலோ பூஜ்யமென்று கொள்ளுமாம். தேவை என்பது திக்குக்குத் திக்கு வேறுபடும் போலும்.

இந்தப் பையனே சனிக்கிழமை இரவுகளில், தாயாருக்குத் தெரியாதென்ற நம்பிக்கையுடன், மொட்டை மாடியில் நண்பர்களுக்கு காக்டெயில் கலக்கிறான். ‘ஓல்டு ஃபேஷண்ட்’ என்ற பானத்துக்கு சர்வதேச பார்டெண்டர் சங்கம் 45 மில்லி விஸ்கி, ஒரு சர்க்கரைக் கட்டி என்று கறாராக விதித்துக்கொண்டே வந்து, கசப்புச் சாரமாகிய அங்கோஸ்டுரா பிட்டர்ஸ் ‘சில டேஷ்’ என்கிறது. டேஷ் என்றால் எவ்வளவு என்றேன். “பாட்டிலைக் கவுத்து ஒரு உதறு உதறினா விழறது” என்றான். குப்பி நிறைந்திருக்கையில் விழுவதும் குறைந்திருக்கையில் விழுவதும் ஒன்றாகாது, அதிலும் ‘சில’! குப்பியைவிடப் பெரிதாய்க் கழுத்தின் மீதும் நீண்டு நிற்கும் அதன் காகித லேபிளிலேயே அளவு ஒழுங்கு எவ்வளவென்று தெரிந்துகொள்ளலாம். நான் நைவேத்திய முறையை அனுசரித்து, மோந்து பார்த்ததோடு நிறுத்திக்கொண்டேன்.

இனி, தேவை யாருடையது என்ற சிக்கல். அண்ணாவுக்கு ரத்த அழுத்தம். நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்குள் இருக்க வேண்டுமென்பது உலக சுகாதார நிறுவனத்தின் உபதேசம். பிள்ளைக்கோ உப்பும் உறைப்பும் தூக்கலாக வேண்டும். இதே தகராறு சி.எஸ்.எஸ்.ஸிலும் வந்ததாம்: எழுதியவரும் படிப்பவரும் தத்தம் விதியை ‘இம்பார்ட்டன்ட்’ என்று முத்திரையிட்டால் யார் சொல் செல்லும்? முதற் பதிப்பு எழுதியவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1998இல் வந்த இரண்டாம் பதிப்பு அதை மாற்றிப் படிப்பவரை ஜெயிக்கச் செய்தது. நம்மவர்களோ இலையின் இடக்கோடியில் ஒரு சிட்டிகை உப்பை முதலிலேயே வைத்து இந்த வழக்கை எப்போதோ பைசல் செய்துவிட்டார்கள். அந்த உப்பை யாராவது தொட்டால் மன்னியின் முகம் மாறுவது வேறு அத்தியாயம்.

உப்பு மிஞ்சிய கட்சிக்கு இந்தத் தீர்ப்பு உதவாது. பிள்ளை விசையைத் தட்டிப் பழைய நிலைக்குத் திரும்பிவிடுவான். குழம்புக்கு அந்த வழியில்லை. உருளைக்கிழங்கைப் போட்டால் உப்பை இழுத்துக்கொள்ளும் என்பது மன்னியின் சப்தப் பிரமாணம், அவள் தாயார் சொன்னது. கிழங்கு உப்பை மட்டும் பொறுக்கி எடுப்பதில்லை, உப்பு நீரையே குடிக்கிறது, மிஞ்சிய குழம்பின் கரிப்பு குறையாது, வெந்நீர் விட்டு விளாவுவதே வழி என்று சாஸ்திரோக்தமாக வாதித்துப் பார்த்தேன். அவள் மறுத்துப் பேசவில்லை. கிழங்கைப் போட்டாள், கரித்துக் கிடந்த அந்தக் கிழங்கையும் தேடி எடுத்து என் இலையிலேயே பரிமாறினாள்.