காளி வைக்கும் குட்டு

சார்பட்டா குத்துச்சண்டை பார்த்து வளர்ந்தவங்க நாங்க. டபிள்யூ.டபிள்யூ.ஈ.யில் கிரேட் காளி எதிராளி உச்சந்தலையில் ஓங்கி ஒண்ணு வைப்பாரே, அதெல்லாம் ஒரு வித்தையா சார்?
– வாசகர், எர்ணாவூர்

குட்டுப்பட்டாலும் மோதிரக் கையால் படணும் என்பார்கள். ஏழடி உயரக் காளியின் விரலுக்கு வளையல்தான் மோதிரம்! பஞ்சாப் போலீஸில் இருந்தவர் வேறு. அடிக்கச் சொல்லியா கொடுக்கணும்? 2007-ல் உலக ஹெவிவெயிட் பட்டமே வாங்கிவிட்டார்.

ஆனால் இதில் பாதி வித்தை குட்டு வாங்குபவருடையது. முகவாயை மார்போடு ஒட்டிக்கொண்டு, முதுகு மொத்தமும் ஒரே நேரத்தில் தரையில் படும்படி விழணும். பின்மண்டை படவே கூடாது. அதற்கே மாதக்கணக்கில் பயிற்சி. தயவுசெய்து வீட்டு மெத்தையில் தம்பியை வைத்துச் சோதிக்காதீர்கள்.