பன்னிரண்டு சதுர அடி

முப்பது வருஷமாக நான் பெருமைப்பட்டு வந்த ஒரே எண் 612. மேற்கு மாம்பலத்தில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில், இரண்டாவது மாடியில் என் ஃப்ளாட்டின் பரப்பளவு அது. பத்திரத்திலேயே இருக்கிறது. "அறுநூறுக்கு மேலே" என்று உறவுக்காரர்களிடம் சொல்லும்போது குரல் தானாகவே ஒரு படி ஏறும். எதிர் ஃப்ளாட் 598தான். மாடிப்படி திரும்புகிற இடம் அவர்கள் பக்கத்தில் பதினான்கு சதுர அடியைக் கடித்துக்கொண்டு போய்விட்டது. அந்த வீட்டுக்காரரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு ஜமீன்தார் மீசையை முறுக்கிக்கொள்வார்.

2022 ஏப்ரல் பிறந்ததும் ஜமீன் பறிபோனது.

காபியோடு பேப்பரைப் பிரித்தேன். சொத்து வரி உயர்வு. சென்னையின் பழைய பகுதிகளில் 600 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்கு 50 சதவீதம். 601 முதல் 1,200 வரை 75. 1,201 முதல் 1,800 வரை 100. அதற்கும் மேலே 150. சின்ன வீட்டுக்குச் சின்ன ஏற்றம், பெரிய வீட்டுக்குப் பெரிய ஏற்றம். நியாயம்தானே என்று தலையாட்டியபடி இரண்டாவது வாய் காபி குடிக்கும்போதுதான் உறைத்தது. நான் பெரிய வீட்டுக்காரன்!

எனக்கு அரையாண்டுக்கு 413 ரூபாய் வந்துகொண்டிருந்தது. இனி 723. எதிர் வீட்டுக்கு 404, இனி 606. நேற்றுவரை எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது ஒன்பது ரூபாய் வித்தியாசம், இரண்டு பேருமே கவனிக்காத வித்தியாசம். இப்போது 117 ரூபாய். அன்று மாலை படிக்கட்டில் எதிர்ப்பட்டவர், "உங்களுக்கு எத்தனை சார், அறுநூத்திப் பன்னெண்டா?" என்று விசாரித்தார். முப்பது வருஷத்தில் அவர் என் பரப்பளவை விசாரித்தது அதுதான் முதல் தடவை. அவர் மீசை வைத்திருப்பதையும் அன்றைக்குத்தான் கவனித்தேன்.

அந்தப் பன்னிரண்டு சதுர அடி வீட்டில் எங்கேதான் இருக்கிறது என்று தேட ஆரம்பித்தேன். என் மனைவியின் தையல் மெஷின் டிராயரிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு ஹாலில் மண்டியிட்டேன். சோபாவுக்கு அடியில் அளக்கும்போது 2007இல் காணாமல் போன ரிமோட் மூடி கிடைத்தது. கூட்டிப் பார்த்தால் மொத்தமே ஐந்நூற்றிச் சொச்சம்தான். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. வீடு சின்னதாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்ட முதல் குடும்பத் தலைவன் நானாகத்தான் இருப்பேன்.

அந்தக் கணக்கோடு வரி மதிப்பீட்டாளரிடம் போனேன். அவர் ஒரு சாந்தமான மனிதர். என் கையெழுத்துக் கணக்கை முழுசாகப் படித்தார்.

"சார், நீங்க அளந்தது கார்பெட் ஏரியா. வரிக்கு பிளிந்த் ஏரியா. சுவரும் சேர்த்தி."

"சுவருக்குள்ள யாரும் குடியிருக்கலையே?"

"எறும்பு இருக்கும் சார்" என்றார் சிரிக்காமல். பிறகு வரி எப்படிப் போடப்படுகிறது என்று பொறுமையாக விளக்கினார். ஒவ்வொரு தெருவுக்கும் சதுர அடிக்கு இவ்வளவு என்று ஓர் அடிப்படைக் கட்டணம் உண்டு. அதைப் பரப்பளவால் பெருக்கினால் மாத வாடகை மதிப்பு. அதை 10.92ஆல் பெருக்கினால் ஆண்டு வாடகை மதிப்பு. வரி அதன்மேல்.

"இருங்க. பன்னெண்டால இல்லையா பெருக்கணும்?"

இல்லையாம். கட்டடம் என்றால் பழுது பார்க்கும் செலவு இருக்கும் அல்லவா? அதற்காகக் கட்டடத்தின் பங்கில் பத்தில் ஒரு பகுதியைக் கழித்துக்கொள்ளச் சொல்லியிருந்தது 1919ஆம் வருஷத்துச் சட்டம். மனைக்கு அந்தக் கழிவு கிடையாது, மண்ணுக்கு ஏது வெள்ளையடிப்பு. கழித்துப் பார்த்தால் 10.92 மாதம் மிஞ்சுகிறது. வீட்டுக்கு வந்து சொன்னேன். "அப்போ நவம்பர் மாசக் கடைசியிலேயே வருஷம் முடிஞ்சிடுமா? நல்லதாப் போச்சு, மார்கழிக் குளிர்ல எழுந்து கோலம் போட வேண்டாம்" என்றாள் என் மனைவி.

இந்த ஏற்பாட்டில் என்னை மிகவும் கவர்ந்தது அந்த வாடகை மதிப்புதான். அதாவது, என் வீட்டில் நான் குடியிருக்க, எனக்கு நானே என்ன வாடகை கொடுப்பேன் என்று கற்பனை செய்து அதற்கு வரி. யோசித்துப் பார்த்தால் வீட்டுச் சொந்தக்காரன் என்ற முறையில் என்னைப்போல ஒரு குடித்தனக்காரனை நான் வைத்துக்கொண்டிருக்கவே மாட்டேன். வாடகை தருவதில்லை. சுவரில் இஷ்டத்துக்கு ஆணி அடிக்கிறான். ராத்திரி பதினொரு மணிக்கு டிவி. எப்போதோ நோட்டீஸ் கொடுத்திருப்பேன்.

கற்பனை என்றாலும் காலத்தோடு ஒட்டிய கற்பனையா என்றால் அதுவும் இல்லை. அந்தத் தெருக் கட்டணங்கள் 1998இல் நிர்ணயிக்கப்பட்டவை. இடுப்பில் பேஜர் செருகியவர்கள் பெரிய மனிதர்களாக நடமாடிய காலம். இடையில் 2018இல் ஒருமுறை வரியை ஏற்றினார்கள், 2019 நவம்பரில் அதையும் நிறுத்தி வைத்தார்கள். பிறகு, வரி ஏற்றினால்தான் மானியம் என்கிற மாதிரி 15ஆவது நிதிக்குழு நிபந்தனை வைத்தது. கும்பகர்ணன் இருபத்துநான்கு வருஷம் கழித்து எழுந்தால் பசியோடுதானே எழுவான்?

வரிக்கு அளவுகோல் 1998 என்பதால் வேடிக்கை ஒன்று நடந்தது. எங்கள் தெருவில் 2019இல் ஒரு புதுக் கட்டடம் எழும்பியது. இத்தாலிப் பளிங்கு, இரண்டு லிஃப்ட், மொட்டை மாடியில் உடற்பயிற்சிக்கூடம். பிறக்கும்போதே அதற்கும் 1998ஆம் வருஷத்துக் கட்டணம்தான். கட்டடம் பழசு என்பதற்காக எனக்குக் கொஞ்சம் தள்ளுபடி உண்டு என்பதைத் தவிர, மழைக்கு ஒழுகும் என் கூரையும் அவர்களுடைய பளிங்கும் ஒரே தெரு, ஒரே கட்டணம். அங்கே ஐந்தாவது மாடி ஃப்ளாட் 1,190 சதுர அடி. ஆகவே அவர்களுக்கும் 75 சதவீதம்தான். அவர்கள் வீட்டுக் குளியலறையில் என் மொத்தச் சமையலறையையும் வைத்துவிட்டு ஒரு ஸ்டூலும் போடலாம்.

இதில் இங்கிலாந்து நமக்கு அண்ணன். அங்கே இருக்கும் என் மகளிடம் போனில் புலம்பியபோது, "அப்பா, இங்க 1991" என்றாள். நிஜம்தான். இங்கிலாந்தில் கவுன்சில் வரிக்கு வீடுகளை ஏ முதல் எச் வரை எட்டுப் படிகளாகப் பிரித்திருக்கிறார்கள், 1991 ஏப்ரலில் என்ன விலை போயிருக்கும் என்பதை வைத்து. போன வருஷம் கட்டிய வீட்டையும் 1991இல் நிறுத்தி வைத்துக் கற்பனை செய்ய வேண்டும். உச்சிப் படியான எச், 3,20,000 பவுண்டுக்கு மேல். மேலே எவ்வளவு போனாலும் அதே படி, ஒரே ஊருக்குள் அடிப்படியைப்போல மூன்று மடங்கு வரி, அவ்வளவுதான். ராஜா மாளிகை இருக்கும் வெஸ்ட்மின்ஸ்டரில் எச் படிக்காரர் கட்டுவதைவிட, வடக்கே ஹார்ட்டில்பூல் என்கிற ஊரில் நடுவாந்தர டி படிக்காரர் அதிகம் கட்டுகிறார். இதற்கு முன்னால் தலைக்கு இவ்வளவு என்று ஒரு வரி போட்டு, 1990இல் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் கலவரமே வெடித்து, அதன் பிறகு வந்த சீர்திருத்தமாம் இது! எனக்கு மனசு கொஞ்சம் ஆறியது.

மச்சானைப் பார்க்கப் போனதும் மறுபடி கொதித்தது. என் மனைவியின் தம்பி மதுரவாயலில் இருக்கிறான். 2011இல் சென்னை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக வீங்கியபோது உள்ளே வந்த பகுதி. அப்படி வந்த இடங்களுக்குச் சலுகை. அங்கே 25, 50, 75, 100. அவன் வீடு 1,350 சதுர அடி. கார் நிறுத்த இடம், கொய்யா மரம், மரத்தில் அணில். அவனுக்கும் 75 சதவீதம், எனக்கும் 75 சதவீதம்.

"மாமா, சதவீதம் ஒண்ணுதான். ஆனா எங்க தெருவுல மழை வந்தா படகு விடணும். அதைக் கணக்குல எடுத்தீங்களா?" என்றான். எடுக்கவில்லை. கொய்யாவை மட்டும் இரண்டு எடுத்துக்கொண்டு வந்தேன்.

தெரு மூலையில் ஒரு பழைய பங்களா இருக்கிறது. மூன்று கிரவுண்டு நிலம், 4,200 சதுர அடிக் கட்டடம். ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் மட்டும் இருக்கிறார். அவருக்கு 150 சதவீத ஏற்றம். பூங்காவில் நடக்கும்போது பிடித்துக்கொண்டார். "தம்பி, இது அநியாயம் இல்லையா? என்னைப் பணக்காரன்னு நினைச்சுட்டாங்க."

நான் இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஆண்டுக்கு ஒரு சதுர அடிக்கு எதிர் வீட்டுக்காரர் கட்டுவது 2 ரூபாய் 3 காசு. நான் 2 ரூபாய் 36 காசு. பெரியவர் 3 ரூபாய் 37 காசு. பெரிய வீட்டுக்கு அதிகம் என்ற வரைக்கும் சரி. பிறகுதான் ஒரு குறும்பு தோன்றியது. சதுர அடியால் வகுக்காமல் வீட்டின் விலையால் வகுத்தால்? தரகர் ஒருவரிடம் மூன்று வீடுகளுக்கும் விலை கேட்டுக்கொண்டேன். என்னுடையது 60 லட்சம், பளிங்கு ஃப்ளாட் 2 கோடி, பங்களா 10 கோடி.

விடையைப் பார்த்ததும் எழுந்து நின்றேன். லட்ச ரூபாய் மதிப்புக்கு நான் கட்டுவது 24 ரூபாய். பளிங்கு 14 ரூபாய். பங்களாவும் 14 ரூபாய்! ஒழுகுகிற வீட்டுக்கு வரி அதிகம், ஒழுகாத வீட்டுக்குக் குறைவு. 150 சதவீதம் ஏற்றியும் அவர் இப்போதுதான் பளிங்குக்காரரைப் பிடித்திருக்கிறார், என்னை எட்ட இன்னும் பத்து ரூபாய் ஓட வேண்டும்.

மறுநாள் பூங்காவில் இதைப் பெரியவர் முன்னால் வைத்தேன். அவர் கோபப்படவில்லை.

"பத்துக் கோடின்னு சொன்னது யாரு? தரகன். அந்தப் பத்துக் கோடியில ஒரு கிலோ அரிசி வாங்கிக் காட்டு பார்ப்போம். வித்தாத்தான் அது பணம். வித்துட்டா எனக்கு வீடு இல்லை. பென்ஷன்லதான் தம்பி வரி கட்டுறேன், காம்பவுண்டு சுவர்ல இல்லை."

எனக்குப் பதில் வரவில்லை. அதிலும் ஒரு நியாயம் இருந்து தொலைத்தது. விலையை வைத்து வரி போட்டால் அவர் அழுவார், அளவை வைத்துப் போட்டால் நான் அழுவேன், வருமானத்தை வைத்துப் போட்டால் ஐந்தாவது மாடிக்காரர் அழுவார். அவர் அழுதால்கூட எங்களுக்குக் கேட்காது, இரட்டைக் கண்ணாடி ஜன்னல்.

கடைசியாக ஒரு வழி மிச்சமிருந்தது. எங்கள் பால்கனி மூன்றுக்கு நான்கு, சரியாகப் பன்னிரண்டு சதுர அடி. இடித்துவிட்டால் வீடு 600! கொத்தனாரை அழைத்துக் காட்டினேன். ஒரு வெற்றிலை மெல்லும் நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "ராபிஷ் அள்றதோட சேர்த்து முப்பத்தஞ்சாயிரம் ஆகும் சார்" என்றார். வருஷத்துக்கு மிச்சமாகும் வரி 232 ரூபாய். சுமார் 151 வருஷத்தில் போட்ட முதல் திரும்பிவிடும்.

"துணியை எங்க காயப்போடுறதாம்? உங்க தலையிலயா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. கொத்தனார் காபி மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

2024இல் இன்னும் 6 சதவீதம் ஏறியது. 723 போய் 766. முதல் முப்பது நாளுக்குள் கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை என்பதால் இப்போதெல்லாம் தெருவில் முதல் ஆளாகக் கட்டிவிடுகிறேன். 38 ரூபாய் லாபம். அதற்கு ரசீது பிரின்ட் எடுத்து ஃபைலில் போட 10 ரூபாய், போக வர ஷேர் ஆட்டோ தனி.

சென்ற மாதம் எதிர் ஃப்ளாட் விற்பனைக்கு வந்தது. மகனோடு போய் இருக்கப்போகிறாராம். வாசலில் அட்டை தொங்கியது: "இரண்டு படுக்கையறை, 760 சதுர அடி." கதவைத் தட்டினேன்.

"என்ன சார், 598 எப்போ 760 ஆச்சு?"

"அது சூப்பர் பில்டப் ஏரியா சார்" என்றார். மாடிப்படியில் ஒரு பங்கு, மோட்டார் ரூமில் ஒரு பங்கு, காவலாளியின் நாற்காலி போடுகிற இடத்தில் ஒரு பங்கு. அவரைக் கடித்த அதே மாடிப்படி இப்போது அவர் வயிற்றுக்குள் இருந்தது. இப்படியும் ஒரு மனிதனா என்று இரண்டு நாள் மனைவியிடம் பொருமினேன்.

மூன்றாம் நாள் அதே தரகர், படியேறி வந்த மூச்சு அடங்காமல் என் வாசலில் நின்றார். எதிர் வீடு பார்க்க வந்தவர்களுக்கு என் வீட்டு அமைப்பும் பிடித்திருக்கிறதாம். கொடுக்கிற எண்ணம் உண்டா, எத்தனை சதுர அடி என்று கேட்டார்.

"எண்ணூறு இருக்கும்" என்றேன்.

உள்ளே தையல் மெஷின் நின்றது. டிராயர் திறக்கும் சத்தம் கேட்டது. என் மனைவி இஞ்ச் டேப்பைக் கொண்டுவந்து என் கையில் வைத்துவிட்டுப் போனாள்.