முதல் குற்றவாளி கால்

மிதித்த கிளட்ச் பெடல் மேலே வர மறுத்தால், முதல் சந்தேகம் ஓட்டுகிறவரின் இடது கால்மேல்தான். எண்பதுகளில் கோவைப் பட்டறை ஒன்றில், பந்தயத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்த காரின் சொந்தக்காரரிடம் மேஸ்திரி சொன்னார்: "காலத் தூக்காமயே ஓட்டறீங்க, அப்புறம் பெடலு எப்படிங்க மேல வரும்?" போன வருடம் என் காரைப் பார்த்துவிட்டு, கழுத்தில் அடையாள அட்டையும் கையில் டேப்லெட்டுமாக வந்த இளைஞர் சொன்னார்: "டிரைவிங் ஸ்டைல் இஷ்யூ மாதிரி தெரியுது சார்." தீர்ப்பு அதேதான். இப்போது அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி.

வேகமான கார் என்று தனியாக ஒன்று அன்றைக்கு ஷோரூமில் கிடைக்காது. கிடைத்த காரை நாம்தான் வேகமாக்கிக்கொள்ள வேண்டும். சைலன்சரைக் கழற்றிவிட்டால் பாதி வேகம் வந்துவிட்டதாக ஊர் நம்பியது. மீதிப் பாதிக்கு ஹெட்டை இறக்கி, போர்ட்டுகளை உரசி வழவழப்பாக்கி, கார்புரேட்டர் ஜெட்டை மாற்றுவார்கள். பிறகு லாரியில் ஏற்றி சோழவரம். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. விமானம் ஏறி இறங்கப் போட்ட தரையில் கார்கள் வெயிலோடு மல்லுக்கட்டும். கோவையில் எஸ். கரிவர்தன் மாருதி 800 இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் கட்டியதும் அந்தப் பத்தாண்டின் இறுதியில்தான். எங்கள் பட்டறைக்கு அந்த அளவு லட்சியம் எல்லாம் இல்லை. கல்லூரிக்குப் போகாத நேரத்தில் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பது என் வேலை.

பெடல் மேலே வராத அந்தச் சின்னப் பந்தயக் காரில் கேபிள் கிளட்ச். பெடலை மிதித்தால் உறைக்குள் ஒரு கம்பி இழுபடும், கியர்பாக்ஸில் ஒரு நெம்புகோல் அசையும், அவ்வளவுதான். கம்பி பிரிந்து உறைக்குள் சிக்கினால் பெடல் மேலே வராது. புதுக் கேபிள் போட்டால் வரும். இதில் வந்தது, சில நாளில் மறுபடி நின்றது. மறுபடி கேபிள், மறுபடி நின்றது. மேஸ்திரி காலைக் குற்றம் சொல்லி அலுத்து, கேபிளை டூப்ளிகேட் என்றார். ஒரிஜினல் வந்ததும் பெடல் புஷ்ஷைத் திட்டினார். புஷ்ஷை மாற்றியதும், கியர்பாக்ஸ் ஃபோர்க்கின்மேல் பழி போனது. காருக்கு எலுமிச்சம்பழம் கட்டியது சொந்தக்காரரின் அம்மா.

குற்றவாளி அகப்பட்டது தற்செயலாகத்தான். யாரோ ஸ்டார்ட்டரை உருட்டியபோது மேஸ்திரியின் கை கேபிள்மேல் இருந்தது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "கண்ணு, இதத் தொட்டுப் பாரு" என்றார். கொதித்தது. இன்ஜின் ரப்பர் மவுண்டுகளில் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் மின்சாரம் ஓடாது. அதனால் இன்ஜினிலிருந்து பாடிக்குப் பட்டையான எர்த் ஒயர் ஒன்று போகும். அது துருப்பிடித்து அறுந்திருந்தது. ஸ்டார்ட்டர் இழுக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட ஆம்பியர் மின்சாரத்துக்கு பேட்டரிக்குத் திரும்ப வழி வேண்டுமே. கிடைத்த இரும்பு கிளட்ச் கேபிள். ஒவ்வொரு முறை வண்டியைக் கிளப்பும்போதும் கேபிள் காய்ந்து, கிரீஸ் கருகி, உள்ளுறை உருகி, கம்பி ஒட்டிக்கொண்டது. கிளட்ச்சில் கோளாறே இல்லை. ஒரு தடித்த ஒயரோடு விவகாரம் முடிந்தது. வாங்கிக் குவித்த கேபிள்களுக்குக் கணக்குக் கேட்கும் வழக்கம் அப்போது இல்லை.

இதைக் கேட்டு, அந்தக் கால மெக்கானிக் மாதிரி வருமா என்று யாராவது உருகினால் எனக்கு எரிச்சல் வரும். கிளட்ச் பிளேட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்த காலம் அது. பெல் ஹவுசிங்கைத் திறந்து அந்தத் தூசியை ஏர் குழாயால் ஊதித் தள்ளுவோம், அதன் நடுவில் நின்று டீ குடிப்போம். பிரேக் ஆயில் உறிஞ்ச டியூபில் வாயை வைப்பார்கள். அறியாமையில் அந்தக் காலத்துக்கு யாரும் குறை வைக்கவில்லை.

என் இப்போதைய கார் இரண்டு லிட்டர் டர்போ. பெயர் வேண்டாம். செட்டிப்பாளையத்தில் கரிவர்தன் பெயரிலேயே இருக்கும் 2.1 கிலோமீட்டர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில், காசு கட்டினால் நம்மையும் ஓட்ட விடும் நாட்கள் உண்டு. அங்கே நாலு ரவுண்டு போனதும், அதிக ஆர்பிஎம்மில் கியர் மாற்றினால் பெடல் பாதியிலேயே நின்றுவிடும். பாதத்தை அடியில் கொடுத்து நெம்பித் தூக்க வேண்டும். மேலே வரும்போது எடையே இல்லாமல் வரும். வண்டி ஆறியதும் ஒன்றுமே நடக்காததுபோல இருக்கும்.

சர்வீஸ் சென்டருக்குப் போகும்போதெல்லாம் வண்டி ஆறித்தான் இருக்கும். கணினியைச் செருகினார்கள். "ஃபால்ட் கோட் எதுவும் இல்ல சார்." எப்படி இருக்கும்? கிளட்ச் பெடலைப் பற்றி அதற்குத் தகவல் சொல்ல இருப்பது ஒரு சுவிட்ச். பெடல் கீழே இருக்கிறது என்பது கணினிக்குத் தெரியும். கீழேயே கிடக்கிறது என்பது தெரியாது. கால்மேல் போட்ட பழி எடுபடாமல் போகவே, பெடல் அசெம்ப்ளியை மொத்தமாக மாற்றினார்கள். மேஸ்திரியாவது புஷ்ஷை மட்டும் மாற்றினார். அடுத்து கியர்பாக்ஸை இறக்க எஸ்டிமேட் வந்தது: ஸ்லேவ் சிலிண்டர், பிளேட், ஃப்ளைவீல். கேபிளை இருந்த இடத்திலேயே தொட்டுப் பார்க்க முடிந்தது. இந்தக் காரின் ஸ்லேவ் சிலிண்டரோ பெல் ஹவுசிங்குக்குள், இன்புட் ஷாஃப்டைச் சுற்றி மோதிரமாகக் கிடக்கிறது. நலம் விசாரிக்கவே அறுவை சிகிச்சை.

எஸ்டிமேட்டைப் பார்த்த நண்பர், பொள்ளாச்சி ரோட்டில் சின்னதாகப் பட்டறை வைத்திருக்கும் பையன் ஒருவனிடம் அனுப்பினார். அவன் முதலில் மிதியடியைத் தூக்கி எறிந்தான். மெத்தை மாதிரி 7டி மேட் போட்டுப் பெடலை அதில் சிக்கவிடுகிறவர்கள் ஏராளம் என்றான். பிறகு ரிசர்வாயர் மூடியைத் திறந்தான். ஆயில் தேன் நிறத்தில் இருந்தது. அங்கேதான் எல்லாரும் ஏமாந்திருக்கிறார்கள். பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் ஒரே ரிசர்வாயர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நான்கு சக்கரங்களிலும் நிப்பிளைத் திறந்து ஆயில் மாற்றுகிறார்கள். ஐந்தாவது நிப்பிள் கியர்பாக்ஸ்மேல் இருக்கிறது. அதை யாரும் திறந்ததில்லை. அவன் திறந்தான், டிகாஷன் இறங்கியது.

கிளட்ச் லைன் ஒரு முட்டுச்சந்து. அதற்குள் போன ஆயில் சுற்றி வருவதில்லை. சூட்டில் கிடந்து, சீலைத் தாண்டி வரும் தூசியில் கறுத்து, ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரம். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்குகிறது. டிராக் சூட்டில் ஆயிலுக்குள் ஆவிக் குமிழி. குமிழி அமுங்கும், அழுத்தத்தைக் கடத்தாது. போதாததற்குப் பெடல் தலைப்பில் உதவி ஸ்பிரிங் ஒன்று. பாதி வழிவரை காலை எதிர்க்கும். பாதியைத் தாண்டியதும் கட்சி மாறிக் காலோடு சேர்ந்து கீழே தள்ளும். டிராஃபிக்கில் முழங்கால் வலிக்காமல் இருப்பதே இந்தக் கட்சித்தாவலால்தான். திரும்பி வர கிளட்ச் பக்கத்து அழுத்தம் வேண்டும். அது குறைந்ததும், தாவியது தாவிய இடத்திலேயே இருந்துவிடுகிறது.

ஒரு பாட்டில் ஆயில், ஒரு டியூப், பெடலை மிதிக்க ஒரு ஆள். மிதித்தது நான்தான். ஆயில் தெளியும்வரை விட்டோம். அடுத்த டிராக் நாளில் பெடல் ஒழுங்காக மேலே வந்தது.

அடுத்த சர்வீஸின்போது, கிளட்ச் நிப்பிளையும் திறந்து ஆயில் மாற்றுங்கள் என்று டேப்லெட் இளைஞரிடம் சொன்னேன். வெகுநேரம் விரலால் தள்ளித் தள்ளித் தேடினார். "அந்த வேலைக்கு சிஸ்டத்துல கோடு இல்ல சார்" என்றார். நான் பரிதாபமாக விழித்திருக்க வேண்டும். குரலைத் தணித்து, வேண்டுமானால் பிரேக் ஆயிலை இரண்டு தடவை மாற்றியதாகப் பில் போட்டுக்கொள்ளலாம் என்றார்.