ஒன்றரை லட்சம் என்ன?

பணி ஓய்வு பெற்றவனுக்கு இந்த ஊரில் இலவசமாகக் கிடைப்பவை இரண்டு: சர்க்கரைக்கு வைத்தியம், வெளிநாட்டுக்கு வழி. முதலாவதில் வெந்தயம், நாவல்கொட்டையோடு ஆபத்து தீர்ந்துவிடும். இரண்டாவதில் பிராவிடண்ட் ஃபண்டே போய்விடும்.

பினாங்கில் போய் இருக்கலாம் என்பது என் மனைவியின் யோசனை. திருச்சி வெயிலில் இத்தனை வருஷம் வெந்தது போதும், கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். அதே சமயம் கோயிலும் இட்லியும் நடக்கிற தூரத்தில் இருக்க வேண்டும் என்றாள். இந்த நிபந்தனைகளைப் போட்டு வடிகட்டினால் உலக வரைபடத்தில் அதிகம் மிஞ்சாது. ஜார்ஜ் டவுனில் 1833-இல் எழும்பிய மகாமாரியம்மன் கோயில் இருக்கிறது. சுற்றிலும் லிட்டில் இந்தியா. கொஞ்சம் தள்ளித் தண்ணீர்மலை முருகன். திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேர் விமானம் உண்டு. மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் சென்னை போகிற நேரம்கூட ஆகாது. எனக்கும் ஆட்சேபணை இல்லை.

ஆனால் இதை நாங்கள் வாய்விட்டுப் பேசியிருக்கக் கூடாது. தில்லைநகரில் ஒரு வீட்டில் பேசியது அடுத்த கிராஸுக்குப் போக அரை நாள் போதும்.

முதலில் வந்தவர் பெரியம்மா மகன். தைப்பூசத்துக்குப் பத்துமலை போய்வந்தவர் என்பதால் எங்கள் குடும்பத்தில் மலேசிய விவகாரங்களுக்கு அவர்தான் மந்திரி. 272 படி, 140 அடி முருகன் என்று எல்லாவற்றையும் சரியாகச் சொன்னார். பிறகு, "அங்க ஒரு பிரச்சினையும் இல்லடா தம்பி, எல்லாம் நம்மாளுங்கதான்" என்றார்.

"எத்தனை நாள் இருந்தீங்கண்ணே?"

"நாலு நாள்."

"விசா எப்படி?"

"அதெல்லாம் டூர்காரன் பாத்துக்கிட்டான்."

அண்ணன் பொய் சொல்லவில்லை. நாலு நாளில் கண்ணில் பட்டதை நாற்பது வருஷத்துக்கு நீட்டிச் சொன்னார், அவ்வளவுதான். இப்படிப்பட்டவர்களிடம் கோயில் நடை எப்போது திறக்கும் என்று கேட்கலாம். ஓய்வூதியம் எந்தக் கணக்கில் விழும் என்று கேட்கக் கூடாது.

அடுத்தது எங்கள் வங்கி ஓய்வூதியர் வாட்ஸ்அப் குழு. சர்வீஸில் இருந்தபோது நூறு ரூபாய் வவுச்சரை இரண்டு கையெழுத்து இல்லாமல் பாஸ் பண்ணாத மனிதர்கள் இவர்கள். இன்றைக்கு, 'பலமுறை ஃபார்வர்டு செய்யப்பட்டது' என்று வாட்ஸ்அப்பே அபயக்குரல் எழுப்பும் செய்தியைக் கும்பிடு பொம்மையோடு அனுப்புகிறார்கள். மலேசியாவில் அறுபது வயதானால் அரசாங்கமே வீடு தருகிறது என்று ஒருவர் அனுப்பினார். "எந்தச் சுற்றறிக்கை, என்ன தேதி?" என்று கேட்டேன். ஒரு ரோஜாப்பூ வந்தது.

யூடியூப் பையனையும் விட்டுவிடக் கூடாது. காதோரம் நரைக்காத பிள்ளை, நாசி கண்டார் சோற்றைப் பிசைந்துகொண்டே, ரிட்டயர் ஆனவர்கள் எப்படி வாழ வேண்டும் என்று சொல்கிறான். பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. வீடியோவுக்குக் கீழே ஓர் அடுக்குமாடி விளம்பரத்தின் லிங்க் இருந்ததைக் கவனித்தவள் மனைவி. "சாப்பாட்டுக்கு யாருங்க காசு குடுத்தா?" என்றாள். வழிகாட்டிகளைச் சோதிக்க இதைவிடக் கூர்மையான கேள்வியை நான் இன்னும் கேட்டதில்லை.

இதற்கெல்லாம் சிகரம், நட்சத்திர ஹோட்டலில் நடந்த இலவசக் கருத்தரங்கு. செய்தித்தாளோடு வந்த துண்டுப் பிரசுரத்தில் கடற்கரை, சாய்வு நாற்காலி, அதில் பல் விளம்பரத்துக்கு வந்தது போல ஒரு வெள்ளைக்காரத் தம்பதி. 'உங்கள் இரண்டாவது இல்லம்' என்று தலைப்பு. கீழே சின்ன எழுத்தில், பஃபே உண்டு.

மேடையில் இருந்த தம்பி மே மாதத்தில் கோட் போட்டிருந்தார். எங்கள் எல்லாரையும் அப்பா, அம்மா என்றார். சொந்தப் பிள்ளைகள் அப்படிக் கூப்பிட்டு நாளாகிவிட்டதால் முன்வரிசையில் இரண்டு பேர் கண் கலங்கினார்கள். எனக்கு மூக்கு அரித்தது. வங்கி கவுண்டருக்கு உள்ளே காலத்தைத் தள்ளியவனுக்கு, டெபாசிட் போட வந்த பாட்டியிடம் இன்ஷூரன்ஸ் பேசும் குரல் எது என்று தெரியும்.

"அப்பா, ஐம்பது வயசுக்கு மேல இருந்தா ஒண்ணரை லட்சம் டெபாசிட். அவ்ளோதான். விசா கையில."

மண்டபத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. ஒன்றரை லட்சமா! பக்கத்து இருக்கைக்காரர் அப்போதே கையெழுத்துப் போட்டுவிடுவார் போலிருந்தது. குலாப் ஜாமுன் கிண்ணம் கையில் இருந்ததால் பேனா எடுக்க முடியவில்லை.

என் மனைவி கையைத் தூக்கினாள். "தம்பி, ஒண்ணரை லட்சம் என்ன? ரூபாயா?"

"ரிங்கிட் மேடம்."

"அப்ப முப்பது லட்ச ரூபா ஆச்சே?"

"அந்த ரேஞ்சுதான் மேடம். இல்ல… டாலர்னும் ஒரு ஸ்கீம் இருக்கு. கரென்சியெல்லாம் டீடெய்ல் மேடம், அதைத் தனியா உக்காந்து பேசிக்கலாம்."

மூன்று கரென்சியில் ஒரே எண். இதில் தம்பியைக் குறை சொல்வதற்கு முன் அந்த நாட்டின் விதி நடந்துவந்த பாதையைப் பார்க்க வேண்டும். எம்எம்2எச் (மலேசியா மை செகண்ட் ஹோம்) என்ற இந்தத் திட்டம் 2002-இல் தொடங்கியது. ஐம்பது தாண்டியவர்கள் ஒன்றரை லட்சம் ரிங்கிட் வைப்புத்தொகை போட்டால் பத்து வருஷ விசா என்பது நெடுங்காலம் உண்மையாகவே இருந்தது. 2020-இல் திட்டத்தை நிறுத்திவைத்தார்கள். 2021-இல் திரும்பத் திறந்தபோது வைப்புத்தொகை பத்து லட்சம் ரிங்கிட். வெளிநாட்டிலிருந்து மாத வருமானம் 40,000 ரிங்கிட் வேண்டும் என்றார்கள். வந்துகொண்டிருந்தவர்கள் அலறினார்கள். 2024-இல் மறுபடி மாற்றி வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று நகைக்கடை போலப் பிரித்தார்கள். அடித்தட்டான வெள்ளிக்கே ஒன்றரை லட்சம் அமெரிக்க டாலர், ஐந்து வருஷ விசா. நம் பணத்தில் ஒன்றேகால் கோடிக்கு மேல். சில தனிப் பொருளாதார மண்டலங்களில் குறைந்த தொகைக்கு வேறொரு வகையும் உண்டு. சரவாக்குக்கோ தனித் திட்டமே இருக்கிறது. அங்கே போக மற்ற மலேசியரே குடிநுழைவுச் சோதனையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அரசாங்கம் விதியை மாற்றிவிட்டது. தம்பி பிரசுரத்தை மாற்றவில்லை. அச்சடித்தது மிச்சம் இருந்திருக்கும்.

டீ குடிக்கும்போது அவரை ஓரமாகப் பிடித்தேன். இந்தத் திட்டத்துக்கு அந்த நாட்டுச் சுற்றுலா அமைச்சின் உரிமம் பெற்ற நிறுவனம் வழியாகத்தான் விண்ணப்பிக்க முடியும். யாருக்கு உரிமம் இருக்கிறது என்ற பட்டியலை அமைச்சே வெளியிடுகிறது.

"உங்க கம்பெனி பேரு அந்த லிஸ்ட்ல இருக்கா தம்பி?"

"நாங்க அவங்களோட பார்ட்னர் சார்."

நான் அப்பாவிலிருந்து சாராக மாறியிருந்தேன்.

"எந்தப் பார்ட்னர்? பேரு?"

"அட்வான்ஸ் போட்டதும் வெல்கம் கிட்ல வரும் சார்."

"வீடு வாங்கியே ஆகணுமாமே?"

அங்கேதான் அவர் முகம் மலர்ந்தது. வெள்ளித் தட்டில் போகிறவர் ஆறு லட்சம் ரிங்கிட்டுக்குக் குறையாமல் ஒரு வீடு வாங்க வேண்டும். பத்து வருஷத்துக்கு விற்கக் கூடாது, அதைவிட விலை கூடியதுக்கு மாறினால்தான் விதிவிலக்கு. விசா ஐந்து வருஷம், வீடு பத்து வருஷம். இந்தக் கணக்கு எனக்கு உதைத்தது. தம்பிக்கு உதைக்கவில்லை. அவர் டேப்லெட்டில் வரிசையாக அடுக்குமாடிகள் வந்தன. எல்லாம் ஒரே பில்டருடையவை. வெளிநாட்டவர் வாங்கும் வீட்டுக்கு அங்கே ஒவ்வொரு மாநிலமும் தனியாக அடிவிலை வைத்திருக்கிறது, மாநில அரசின் ஒப்புதலும் வேண்டும். இதைப் பற்றிக் கேட்டபோது, "ரூல்ஸ் எல்லாம் பேப்பர்லதான் சார்" என்றார். என் ஓய்வூதியமும் பேப்பரில்தான் இருக்கிறது. அதனால்தான் மாதாமாதம் வருகிறது.

அவருடைய சம்பளத்தை அந்த பில்டர் தருகிறார் என்றால் அதில் குற்றம் ஒன்றுமில்லை. யார் தருகிறார்கள் என்று கேட்டதும் சொல்லிவிட்டால் போதும். இதுவரை நான் கண்ட ஆலோசகர்களில் கமிஷனை மறைத்தவர்கள் அனைவரும் சேவை மனப்பான்மை என்ற சொல்லைப் பயன்படுத்தியவர்கள்.

பிறகு ஒரு ஆடிட்டரிடம் போனோம். தலைமை அஞ்சலகம் பக்கம் மாடியறை. மின்விசிறிக் காற்றில் கோப்புகள் பறக்காமல் இருக்க அம்மிக்குழவி ஒன்று வைத்திருப்பார். நான் கேட்ட முதல் கேள்விக்கு, "தெரியல சார், பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். இத்தனை பேரைச் சுற்றி வந்ததில் தெரியாது என்று ஒருவர் சொல்லி அன்றுதான் கேட்டேன். நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டேன்.

அடுத்த வாரம் கூப்பிட்டுச் சொன்னார். அவர் சொன்னதில் பாதி மலேசியாவைப் பற்றியதே இல்லை. ஒருவர் ஒரு நிதியாண்டில் வெளிநாட்டுக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை அனுப்ப ரிசர்வ் வங்கி விடுகிறது. ஆகவே வைப்புத்தொகைக்குத் தடையில்லை. ஆனால் இந்த மாதிரிக் காரணத்துக்கு அனுப்பினால், ஆண்டுக்குப் பத்து லட்ச ரூபாய்க்கு மேல் போகிற பணத்தில் 20 சதவீதத்தை வங்கி முன்கூட்டியே வரியாகப் பிடிக்கும். எங்கள் கணக்கில் அதுவே இருபது லட்சத்துக்கு மேல். பிறகு ரிட்டர்ன் போட்டு வரியில் கழித்துக்கொள்ளலாம், மிச்சத்தைத் திரும்ப வாங்கலாம். "அது வரைக்கும் அந்த இருபது லட்சம் உங்ககிட்ட தனியா இருக்கணும் சார்." கோட் போட்ட தம்பியின் கணக்கில் இந்த இருபது லட்சத்துக்கு இடமே இல்லை.

அங்கேயே நிரந்தரமாகத் தங்கிவிட்டால் இங்குள்ள சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வாழ்பவர்களுக்கான என்ஆர்ஓ கணக்காக ஆக்க வேண்டும். ஆண்டில் எத்தனை நாள் எந்த ஊரில் இருந்தோம் என்பதை வைத்து வருமான வரிக் கணக்கு மாறும். நவம்பர் வந்தால், நான் உயிரோடு இருக்கிறேன் என்பதை எங்கிருந்தாலும் நிரூபிக்க வேண்டும். என் மருத்துவக் காப்பீட்டு பாலிசியை அவரே புரட்டி, ஒரு வரியில் பென்சிலால் கோடு போட்டுக் காட்டினார்: சிகிச்சை இந்தியாவுக்குள் மட்டும். பில்லில் ஜிஎஸ்டியும் சேர்த்திருந்தார். சந்தோஷமாகக் கட்டினேன். பேரம் பேச நினைத்த மனைவிகூட, அந்தப் பென்சில் கோட்டைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டாள்.

மிச்ச பாதியைச் சொன்னவர் என் நண்பனின் அத்தை. பினாங்கில் பிறந்து, தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். போனை எடுத்ததும், "ஐயா, பசியாறிட்டீங்களா?" என்றார். விசாவைப் பற்றி, டெபாசிட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "அதெல்லாம் எனக்குத் தெரியாதுய்யா, நான் இங்கயே பொறந்தவ" என்று அந்தப் பக்கக் கதவைச் சாத்திவிட்டு, தனக்குத் தெரிந்ததைக் கேட்டார்.

"உங்க ரெண்டு பேருக்கும் மூட்டு எப்படிய்யா?"

சுமார்தான் என்றேன்.

"அப்ப லிப்ட் இல்லாத பிளாட்டு ஆகாது. லிப்ட் இருந்தாலும் அது மாசத்துல எத்தன நாள் ஓடுதுன்னு கீழ் வீட்டுக்காரங்ககிட்ட கேளுங்க, விக்கிறவங்ககிட்ட கேக்காதீங்க. கார் ஓட்டுவீங்களா? அம்மா ஓட்டுவாங்களா? ஐயாவுக்கு முடியாமப் போனா அம்மாவ யாரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவா?"

மனைவி ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தாள். "அங்க வெயில் எப்படிம்மா?" என்று குறுக்கே கேட்டாள்.

"வெயில்தாம்மா. உங்க ஊரு மாதிரியே. கூட வேர்வை ஒண்ணு அதிகம்."

இந்த ஒரு வாக்கியத்தை எந்தப் பிரசுரமும் அச்சடிக்கவில்லை. மனைவி கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தாள்.

"எதுக்கு இப்பவே வீடு கீடுன்னு? வந்து வாடகைக்கு இருந்து பாருங்க" என்றார் ஆசிரியை. "தைப்பூசத்துல வராதீங்க. தைப்பூசத்துல வந்தா எல்லா ஊரும் நல்ல ஊருதான். செப்டம்பர், அக்டோபர் மழையில வாங்க. அப்பவும் புடிச்சா அப்புறம் யோசிங்க."

2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு விசா இல்லாமலே 30 நாள் அனுமதி தருகிறது மலேசியா. ஒரு மாத வாடகையில் தீர்த்துக்கொள்ளக்கூடிய சந்தேகத்துக்குக் கோடி ரூபாய் கட்டச் சொன்ன தம்பி, இந்த 30 நாளைப் பற்றி மூச்சுவிடவில்லை. அதில் அவருக்கு என்ன கிடைக்கும்?

அக்டோபருக்கு டிக்கெட் போட்டிருக்கிறோம், போகவும் வரவும். லிஃப்ட் உள்ள வீடாக ஆசிரியையே பார்த்து வைத்திருக்கிறார். பெரியம்மா மகனுக்கு இதில் வருத்தம். முன்பணம் போட்டு ஒரு வீட்டை மடக்கிவிட வேண்டாமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

கோட் தம்பி எங்களை மறக்கவில்லை. போன வாரம் போன் செய்தார். நான் குளித்துக்கொண்டிருந்ததால் மனைவி எடுத்தாள். மலேசியா வேண்டாம் என்றால் தாய்லாந்து இருக்கிறதாம், இன்னும் சுலபமாம், ஐம்பது வயது முடிந்திருந்தால் போதுமாம்.

"எவ்வளவு தம்பி?"

"வெறும் எட்டு லட்சம்மா."

"எட்டு லட்சம் என்ன?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லையாம். பிறகு, மிகவும் மெல்லிய குரலில், "பாத்" என்றாராம்.

"உங்க கம்பெனி எந்த லிஸ்ட்ல இருக்கு?" என்று இவள் ஆரம்பித்திருக்கிறாள். சிக்னல் போய்விட்டதாம்.