யானைக் கொட்டாரத்துக் குண்டுவீச்சு விமானம்

போரில் கெட்டிக்காரனாக இருப்பதில் ஒரு சங்கடம் உண்டு. வேலை மேல் வேலை வரும். நல்ல விமானம் தினமும் பறந்து, அடிபட்டு, ஒருநாள் விழுந்து தீர்ந்துவிடும். “இது தேறாது” என்று ஓரங்கட்டப்பட்டதுதான் நூறு வயதைத் தாண்டும். டி.எச்.9 என்ற குண்டுவீச்சு விமானத்தின் நீண்ட ஆயுளுக்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

(1909-இல் செய்த பிளேரியோ ரக விமானம் ஒன்று இங்கிலாந்தில் இன்னும் தரையை விட்டு எழும்புகிறதே என்று யாராவது கையைத் தூக்கலாம். அது சிவில் ஆசாமி. சீருடை போட்டவர்களைப் பற்றித்தான் இங்கே பேச்சு.)

1917 ஜூன் 13. ஜெர்மானியர்களின் கோத்தா விமானங்கள் பட்டப்பகலில் லண்டன் மீது குண்டு போட்டன. 162 பேர் செத்தார்கள். மக்கள் கொதித்தார்கள், மந்திரிகளுக்கு வியர்த்தது. விமானப் படைப்பிரிவுகளை இரட்டிப்பாக்கு, புதியவற்றில் பெரும்பகுதி குண்டுவீச்சுக்கே என்று முடிவானது. கையில் டி.எச்.4 என்ற அருமையான விமானம் இருந்தது. அதில் ஒரே குறை, விமானிக்கும் பின்னால் இருக்கும் துப்பாக்கிக்காரருக்கும் நடுவே பெட்ரோல் டாங்கி. எதிரி வருகிறான் என்று இவர் அவருக்குச் சொல்வதற்குள் எதிரியே வந்துவிடுவான். விமானத்தை வடிவமைத்த ஜெஃப்ரி டி ஹாவிலண்ட் இருவரையும் முன்னும் பின்னுமாக நெருக்கி உட்கார வைத்தார். அப்படிப் பிறந்ததுதான் டி.எச்.9.

அதோடு நிறுத்தியிருக்கலாம். எஞ்சினையும் மாற்றினார்கள். புதிய ‘பூமா’ எஞ்சின் 300 குதிரைத்திறன் தரும் என்றார்கள். வார்ப்பிலேயே கோளாறு. தட்டிக்கொட்டிப் பார்த்து, 230-க்கு மேல் கேட்டால் ஒத்துழைக்காது என்று முடிவுக்கு வந்தார்கள். காணாமல் போன 70 குதிரைகளை யாரும் தேடவில்லை. ஆக, பழைய விமானத்தைவிட மெதுவாக, அதைவிடத் தாழ்வாகப் பறக்கும் ஒரு புதிய விமானம் தயார். இப்போது இருவரும் தாராளமாகப் பேசிக்கொள்ளலாம். பேச விஷயமும் நிறைய இருந்திருக்கும்.

பிரான்ஸில் பிரிட்டிஷ் விமானப்படையை நடத்திய டிரென்சார்ட், இருப்பதைவிட மட்டமானதை எவன் கேட்டான் என்ற தொனியில் எழுதினார். தளபதி ஹெய்கும் முறையிட்டார். ஆர்டர் கொடுத்தாயிற்று, இனி மாற்றினால் உற்பத்தி தடைப்படும், இது வேண்டும் அல்லது எதுவும் வேண்டாம் என்று சொல்லுங்கள் என்று பதில் வந்தது. மூவாயிரத்துக்கும் மேல் செய்து தள்ளினார்கள். 1918 மே முதல் நவம்பர் வரை, 99, 104 என்ற இரண்டே படைப்பிரிவுகளில் 54 விமானங்களை எதிரி சுட்டு வீழ்த்தினான். விபத்தில் நாசமானவை 94. எதிரியைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேலையை விமானமே பார்த்துக்கொண்டது. அவற்றில் ஏறிப் போனவர்களில் பலர் இளம் பிள்ளைகள் என்று நினைத்தால் சிரிப்பு வருவதில்லை.

போர் முடிந்தது, சரக்கு தேங்கியது. இந்த நேரத்தில்தான் லண்டனுக்குத் தாராள மனசு வந்தது. ‘பேரரசின் அன்பளிப்பு’ என்று பெயர் சூட்டி, காலனிகளுக்கு விமானங்களை வாரி வழங்கியது. இந்தியாவின் பங்கு 100. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதே! சில டி.எச்.9-கள் ராஜஸ்தானத்துப் பிகானேர் சமஸ்தானத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

அங்கே மகாராஜா கங்கா சிங். சாதாரண ஆள் இல்லை; வெர்சாய் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர். 1915-இல் சூயஸ் கால்வாயைக் காத்த அவருடைய படை ஒட்டகப் படை. ஒட்டகம் அழுக்குத் துப்பும், கடிக்கும், ஆனால் பாதி வழியில் எஞ்சின் நின்றுபோகாது. அப்படிப்பட்டவருக்குப் பூமா எஞ்சின் வைத்த விமானம் எதற்கு? கடைசியில் விமானங்கள் யானைக் கொட்டாரத்தில் அம்பாரிகளோடு கிடந்தன. அம்பாரிகளுக்கும் வேலை போயிருந்த காலம் அது. ஆண்டுக்கணக்கில் யாரும் தொந்தரவு செய்யவில்லை, கரையானைத் தவிர. மரத்தில் பெரும்பகுதியை அது தின்று தீர்த்தது. மரச்சட்டத்தில் துணி போர்த்திய விமானத்தில் மரம் போனால் மிச்சம் என்ன?

மிச்சமிருந்த இரும்புச் சாமான் போதும் என்றார் இங்கிலாந்துக்காரர் கை பிளாக். முதுகுப்பையோடு ஊர் சுற்ற வந்த ஒருவர் மூலம் 1990-களில் சேதி எட்ட, அவர் பிகானேருக்கு வந்து, பேரம் பேசி, இரண்டு விமானங்களின் எச்சங்களைக் கப்பலேற்றினார். ஒன்று கண்காட்சிக்கு, E8894 என்ற எண் கொண்டது பறப்பதற்கு. மரம் புதிது, துணி புதிது. பலகையும் அலகும் மாற்றிய பாட்டியின் அரிவாள்மனை பாட்டியுடையதுதானா என்று கேட்பவர்கள் இங்கேயும் கேட்பார்கள். பல்லாண்டு உழைப்புக்குப் பின் 2019 மே மாதம் அது இங்கிலாந்தின் டக்ஸ்ஃபர்டில் பறந்தது, அதே ரகப் பூமா எஞ்சினோடு!

பறப்பதைப் பார்க்க இங்கிலாந்து போக வசதியில்லாதவர்கள் பிகானேர் ஜூனாகர் கோட்டைக்குப் போங்கள். உடைந்த பாகங்களைச் சேர்த்து நிறுத்திய டி.எச்.9 ஒன்று அங்கே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது பறக்காது, அந்த ரகத்தின் வரலாற்றைப் பார்த்தால், அதுதான் அதில் பாதுகாப்பான மாடல்.