பிட் முறை அறிதல்: திருமுடிவாக்கச் சூழலில் ஒரு சிற்றாய்வு

ஒரு புரோகிராம் 32 பிட் முறையில் ஓடுகிறதா, 64 பிட் முறையில் ஓடுகிறதா என்னும் ஐயம், திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையில் கம்ப்யூட்டர் மாற்றும் பருவத்தில் தோன்றுவது. லேத் பட்டறை அலுவலகத்துக்குப் புதுப்பெட்டி வரும். டாங்கிள் செருகிய பழைய டிராயிங் புரோகிராம் திறக்காது. சர்வீஸுக்கு வந்தவர் “பிட் பிராப்ளம் சார்” என்பார். எதனுடைய பிட் என்று முதலாளி கேட்பதில்லை. உண்மையில் 64 பிட் விண்டோஸில் 32 பிட் புரோகிராம் தாராளமாக ஓடும். ஏறாதது டாங்கிளின் 32 பிட் டிரைவர். 16 பிட் புரோகிராமுக்கோ அங்கே இடமே இல்லை.

வெளியிலிருந்து பார்த்தறியும் வழிகளில் டாஸ்க் மேனேஜர் எளியது. விண்டோஸ் 7 பெயருக்குப் பின்னே நட்சத்திரமும் 32-ம் இடும். இன்னொரு சாரார் எக்ஸி கோப்பை நோட்பேடில் திறப்பர்: ‘பிஇ’ எழுத்துகளை அடுத்துப் பெரிய ‘எல்’ வந்தால் 32, சிறிய ‘டி’ வந்தால் 64. இதுவும் முழுச் சான்றாகாது. டாட்நெட்டில் ‘எனி சிபியு’ எனக் கட்டிய கோப்பு ‘எல்’ அணிந்துகொண்டே 64 பிட்டில் ஓடக்கூடும்.

புரோகிராமையே விசாரிக்கலாம் என்றால், விண்டோஸ் அதனிடம் மெய் பேசுவதில்லை. சிஸ்டம்32 ஃபோல்டரைக் கேட்கும் 32 பிட் புரோகிராமைச் சத்தமில்லாமல் சிஸ்வாவ்64-க்கு அனுப்பிவிடும். 64 பிட் கோப்புகள் 32 என்ற பெயரிலும், 32 பிட் கோப்புகள் 64 என்ற பெயரிலும் குடியிருப்பது, பழைய பெயரை நம்பி எழுதிய புரோகிராம்கள் குலையாதிருக்கச் செய்த ஏற்பாடு.

பாயின்டரின் அளவு இதனினும் நம்பத்தக்கது: 4 பைட் என்றால் 32, 8 பைட் என்றால் 64. ஆயினும் லினக்ஸின் எக்ஸ்32 ஏற்பாட்டில் 64 பிட் முறையிலும் பாயின்டர் 4 பைட்தான். பட்டறைகளில் அதற்கு வேலையில்லை.

ஐயமற அறிய விரும்புவோர் புராசஸரையே கேட்க வேண்டும். அதற்கு நான்கு பைட் போதும்: 31 சி0 40 90. முதல் இரண்டும் இஏஎக்ஸ் ரெஜிஸ்டரைப் பூஜ்யமாக்கும். 40 என்பது 32 பிட் முறையில் ‘ஒன்றைக் கூட்டு’ என்னும் கட்டளை. 2003-இல் ஆப்டெரானைக் கொண்டுவந்த ஏஎம்டி, 40 முதல் 4எஃப் வரையுள்ள 16 குறியீடுகளை 64 பிட் முறையில் முன்னொட்டுகளாக்கிவிட்டது. எனவே அங்கே 40 கூட்டாது, அடுத்த கட்டளையோடு ஒட்டிக்கொள்ளும். அடுத்து வரும் 90-க்குப் பொருள் ‘சும்மா இரு’. பக்கத்துக் குன்றத்தூர் முருகன் அடியார்க்கு இது புதிய உபதேசமன்று. முடிவில் ரெஜிஸ்டரில் 1 இருந்தால் 32, 0 இருந்தால் 64.

இதில் தெரிவது ஓடும் முறை மட்டுமே. 1 வந்ததால் புராசஸரும் பழையது எனக் கொள்ளலாகாது. அதன் தகுதியைச் சிபியுஐடி என்னும் வேறொரு கட்டளையால் அறிக.