வேலைக்குப் போகும் மீசை

கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்று பழமொழி சொன்னவர் ஆண்பிள்ளை மீசையை மட்டும் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். அது தண்டச்சோறுதான். கூழில் நனையும், முறுக்கினால் முறுக்கிக்கொள்ளும், கல்யாண மண்டபத்தில் பந்தி விசாரிக்கும்போது கொஞ்சம் தோரணை காட்டும், அதோடு சரி. அதே கணக்கில் பூனை மீசையையும் வெறும் வீறாப்பு என்று முடிவுகட்டிவிட்டோம். வீறாப்புக்குத்தான் மீசை என்றால், பெண் பூனைக்கும் குட்டிப் பூனைக்கும் அது எதற்கு? மில்லும் மோட்டாரும் வைத்துப் பிழைக்கிற கொங்கு நாட்டுக்காரர்கள், ஒரு கருவியைப் போய் அலங்காரம் என்று நினைப்பது அடுக்காது.

சோமனூர், பல்லடம் பக்கம் தறிக்குடோன்களில் ஊடை நூல் அறுந்தால் தறி தானாக நிற்கும். கவை மாதிரி ஒரு சின்னக் கம்பி, நூல் இருக்கிறதா என்று ஓயாமல் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கும். தட்டுப்படாவிட்டால் தறியை நிறுத்திவிடும். கம்பிக்கு உணர்ச்சி கிடையாது, அது எதோடு இணைந்திருக்கிறது என்பதில்தான் சூட்சுமம். பூனை மீசையும் இந்த ஜாதிதான். முடியில் நரம்பு இல்லை. ஆனால் அதன் வேர் மற்ற முடியைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு ஆழத்தில், ரத்தம் நிரம்பிய ஓர் உறைக்குள், நரம்பு முனைகள் சூழ உட்கார்ந்திருக்கிறது. நுனி லேசாக வளைந்தாலே மூளைக்குத் தகவல் போய்விடும். மேலுதட்டில் பக்கத்துக்குப் பன்னிரண்டு வாக்கில், நான்கு வரிசை. மேல் இரண்டு வரிசையும் கீழ் இரண்டு வரிசையும் தனித்தனியாக அசையும். புருவத்தில் உண்டு, மோவாயில் உண்டு, முன்னங்காலின் பின்பக்கத்திலும் உண்டு. காலில் மீசை வைக்க நம் ஊர் மைனர்கள் யாருக்கும் இன்னும் துணிச்சல் வந்ததில்லை.

இருட்டிலும் கண் தெரிகிற பிராணிக்கு எதற்கு இத்தனை ஏற்பாடு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பூனைக்குத் தூரத்துச் சங்கதி நன்றாகத் தெரியும். மூக்குக்கு முன்னால் ஓர் அடிக்குள் இருப்பதுதான் மங்கல். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கொப்பரைக் கிடங்கில் பூனை எலியைக் கவ்விவிட்டது என்று வையுங்கள். பிடித்தது சரி, செத்ததா, கழுத்து எந்தப் பக்கம் என்று பார்க்கக் கண் உதவாது. அப்போது இரண்டு பக்க மீசையும் முன்னால் வளைந்து, விரல்கள் மாதிரி எலியைச் சுற்றிக்கொள்ளும். எலி துள்ளினால் மீசை சொல்லும். எலியும் சும்மா இல்லை. அது தன் மீசையை நொடிக்குப் பல தடவை முன்னும் பின்னும் வீசித்தான் நடக்கிறது. மீசை முடி ஒவ்வொன்றுக்கும் எலியினத்தின் மூளையில் தனித்தனிக் கட்டம் ஒதுக்கியிருப்பதை 1970-இலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். ஆக, கிடங்கில் ராத்திரி நடப்பது மீசைக்கு மீசை நேருக்கு நேர்.

“முடிதானுங்களே, வெட்டுனா மறுபடி மொளைச்சுட்டுப் போவுது” என்பார்கள். முளைக்கும், மறுக்கவில்லை. வெட்டினால் வலிக்காது என்பதும் உண்மை. மீசை தானாகவும் உதிரும். ஆனால் ஒன்றிரண்டாக உதிரும், மற்றவை வேலையைப் பார்த்துக்கொள்ளும். மொத்தமாகக் கத்தரித்தால், மறுபடி முழு நீளத்துக்கு வளர வாரக்கணக்கில், சில சமயம் இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை பூனை சந்துபொந்தில் தடுமாறும், தாவினால் கணக்குத் தப்பும். இதில் நம் மீசையை உதாரணம் காட்டுவது செல்லாது. நரம்புக் கட்டோடு முளைக்கும் அசல் மீசைக்கான மரபணுத் துண்டு ஒன்று சிம்பன்சிக்கு இருக்கிறது, மனிதனுக்குத் தொலைந்துவிட்டது என்று 2011-இல் ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். நாம் முறுக்குவது டூப்ளிகேட். அதற்காகப் பூனை மீசைக்கு இல்லாத பெருமையும் வேண்டாம். உடம்பு நுழையுமா என்று மீசையால் அளந்து பார்க்கும் என்கிறார்கள். ஓரளவு சரி, ஆனால் தொப்பை போட்டால் கூடவே மீசையும் நீளாது. மீசை இடித்தால் பூனைக்குச் சலிப்பு வரும் என்று தனித் தட்டு விற்கிறார்கள். சோதித்துப் பார்த்தபோது, எந்தத் தட்டில் வைத்தாலும் தின்ற அளவில் வித்தியாசம் தெரியவில்லை.

மீசைக்கு இல்லாத வேலை கொடுத்த ஆகப் பெரிய கதை, பூனையின் பெரியப்பா விஷயத்தில் நடந்தது. புலி மீசையை நறுக்கிச் சோற்றில் கலந்தால் ஆள் காலி என்ற நம்பிக்கை இந்தியாவிலிருந்து மலேயா வரை இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் புலி விழுந்ததும், கூட வந்தவர்கள் முதல் காரியமாக மீசையைப் பொசுக்கினார்கள் என்று வேட்டைக் குறிப்புகள் சொல்கின்றன. விஷமென்றால், தினம் அதை நக்கித் துடைக்கும் புலி சாக வேண்டாமா? பாம்பு மட்டும் சாகிறதா என்று மடக்குவீர்கள். பாம்புக்கு விஷப்பை இருக்கிறது. மீசையில் இருப்பதோ நம் நகத்தில் இருக்கிற அதே கெரட்டின். நகம் கடிக்கிறவர்கள் யாரும் பரீட்சை ஹாலில் சுருண்டு விழுவதில்லை. இன்றைக்கு ஆனைமலை 2007 முதலும் சத்தியமங்கலம் 2013 முதலும் புலிகள் காப்பகம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, புலியின் எந்தப் பாகத்தை வைத்திருந்தாலும் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. அதில் மீசையும் சேர்த்தி. ஆகவே புலி மீசையால் ஆபத்து இல்லவே இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. தின்றவருக்கு ஒன்றும் ஆகாவிட்டாலும், பீரோவில் பத்திரப்படுத்தியவர் பாடு திண்டாட்டம்தான்.